மேரி சிஸ்டர் எப்ப டூட்டி?

போன வாரம், எங்கள் வீட்டுப் பெண் மாதிரி பழகும் கலைச்செல்வி போன் செய்தாள். திண்டிவனத்தில் நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இப்போது அவள்தான் மூத்த நர்ஸ். அதே நிர்வாகத்துக்கு விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வரச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறார்கள். கட்டாயம் இல்லை. சம்பளமும் அதேதான். போனால் சிக்கலான பிரசவங்களுக்கென்று இருக்கும் தனிப் பிரிவில் வேலை, அதற்குப் பயிற்சி. போகாவிட்டால் இங்கேயே ராணி மாதிரி இருக்கலாம்.

"அக்கா, நீங்க ரெண்டு எடத்துலயும் இருந்தவங்க. நான் போவட்டுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க" என்றாள்.

ஒரே வார்த்தையாம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கிறேன். நான் போனது சரியா தப்பா என்று என் விஷயத்துக்கே இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. என் மகள் ஜெனிபர் தலைப்பிரசவத்துக்காகப் பெங்களூரிலிருந்து வந்து என்னோடு இருக்கிறாள். அடுத்த மாதம் பிரசவம். அங்கே பெரிய பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்க, திண்டிவனத்துக்கு வந்ததே கலைச்செல்விக்காகத்தான். "கலை அக்கா பக்கத்துல இருந்தா எனக்கு பயமே இல்லம்மா" என்று நாளுக்கு நாலு தடவை சொல்கிறாள். ஆகவே நான் கலைக்கு என்ன பதில் சொன்னாலும் அதில் என் சுயநலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பாண்டிச்சேரியில் நர்சிங் படித்தேன், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன், பாஸானேன். கல்யாணம் ஆகித் திண்டிவனம் வந்தேன். கணவர் அருளப்பன் பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இந்த ஆஸ்பத்திரி. ஒரு ஆபரேஷன் தியேட்டர், ஒரு பிரசவ அறை, ஒரே ஒரு பெரிய டாக்டர். பெயர் சரோஜா. ஊரே அவரை டாக்டரம்மா என்றுதான் சொல்லும்.

டாக்டரம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்த மெதுவான குரலைக் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து நின்றுவிடுவோம். ஒரு கர்ப்பிணியைப் பார்க்க வந்தால் முதலில் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஜில்லென்ற கையை வயிற்றில் வைத்தால் வயிறு இறுகிக்கொள்ளும், அது வலியா பயமா என்று தெரியாமல் போய்விடும் என்பார். கையை வைத்த பிறகு பேச மாட்டார். அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். ஒரு வலி வந்து, முழுக்கப் போய், அடுத்த வலி தொடங்கும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் சரி. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா பார்த்த?" என்று கேட்பார்.

"நல்லா இருக்காங்க டாக்டர்" என்று ஆரம்பத்தில் ஒருமுறை உளறிவிட்டேன்.

"அது நீ நெனச்சது. பார்த்தத சொல்லு."

நாடித் துடிப்பு, வலிக்கும் வலிக்கும் நடுவே உள்ள நேரம், குழந்தையின் இதயத் துடிப்பு, பனிக்குட நீரின் நிறம். இதையெல்லாம் சொன்னால்தான் விடுவார். நான் உருப்பட்டேன் என்றால் அந்த ஒரு கேள்வியால்தான்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேலையில் கைராசி என்று ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு முறை குழந்தை தங்காமல் போன ஒரு பெண்ணுக்கு மூன்றாவது குழந்தை என் டூட்டியில் நல்லபடியாகப் பிறந்தது. நான் விசேஷமாக எதுவும் செய்யவில்லை. ஆனால் அவளுடைய மாமியார் மயிலத்திலிருந்து மரக்காணம்வரை சொந்தக்காரர்கள் உள்ளவர். மேரி சிஸ்டர் கை பட்டால் புள்ள தங்கும் என்று பஸ்ஸுக்கு பஸ் என் பெயரைச் சொல்லி வைத்துவிட்டார். அதன்பிறகு கேட்க வேண்டுமா. வானூர் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள் முதல் எங்கள் சர்ச் பங்குச் சாமியாரின் தங்கைவரை எல்லோரும் வாசலில் வாட்ச்மேனிடம் கேட்கிற முதல் கேள்வி, "மேரி சிஸ்டர் எப்ப டூட்டி?" என்பதுதான். ஆபரேஷனுக்குப் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறிப்பவர்கள் என் டூட்டியையும் சேர்த்துப் பார்த்துக் குறித்தார்கள். குழந்தைகளுக்கு ஊசி போட வருகிறவர்கள்கூட, மற்ற நர்ஸ்கள் சும்மா நின்றுகொண்டிருந்தாலும், என் முன்னால்தான் வரிசை கட்டினார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். மீன்காரம்மா நான் கேட்காமலே நல்ல மீனாக எடுத்துக் கழுவிக் கொடுப்பாள். என் கணவரின் கடைக்கு வருகிறவர்கள் அவரை "மேரி சிஸ்டர் வூட்டுக்காரர்" என்றார்கள். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை, வியாபாரம் நடந்தது.

டாக்டரம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "கையில என்னம்மா ராசி இருக்குது? சோப்பு போட்டுக் கழுவுனா போயிடும்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் முதன்முதலாக விழுப்புரத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை விரிவாக்கியிருந்தார்கள், அனுபவமுள்ளவர்கள் வேண்டும் என்றார்கள். விருப்பமா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். என் கணவர் சிரித்தார்.

"அங்க போனா நீ நூத்துல ஒருத்தி. யாருக்கு ஒன்ன தெரியும்? இங்க நீதான் எல்லாம். எதுக்கு பஸ்ஸேறிப் போய் பேஜாரு படணும்?"

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வரமாட்டேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு நாள் போகலாம் என்று தோன்றும், மறுநாள் எதற்கு என்று தோன்றும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஒன் இஷ்டம்மா" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் வசந்தா வந்தாள்.

வசந்தா மயிலத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண். நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பறிக்கப் போகிறவள். முதல் பிரசவம் என் கையில் சுலபமாக முடிந்திருந்தது. அன்றைக்கு எனக்குப் பிற்பகல் டூட்டி. இரண்டு மணிக்கு டூட்டி உடை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறேன், வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. உள்ளே வசந்தா படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மாமியார் முகத்தில் மட்டும் பெரிய நிம்மதி.

"அதோ வந்துட்டாங்க பாரு. இனிமே ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று மருமகளிடம் சொன்னார்.

உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன்.  வலி வந்து வந்து போனால் வயிறு இறுகி இறுகித் தளரும். இங்கே தளர்ச்சியே இல்லை, பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. புடவையில் கறுத்த ரத்தம். குழந்தையின் துடிப்பைத் தேடித் தேடித்தான் பிடிக்க முடிந்தது, அதுவும் மிக மெதுவாக இருந்தது. டாக்டரம்மா வந்தார். கையைத் தேய்த்துச் சூடாக்கக்கூட இல்லை, அப்படியே வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"நீ என்ன பார்த்த?"

சொன்னேன். நஞ்சுக்கொடி, குழந்தை பிறப்பதற்கு முன்பே கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்கு ஆள் ஓடியது. ரத்தம் கொடுக்க ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்களைக் கூப்பிட்டோம், கேள்வி கேட்காமல் வந்து கையை நீட்டினார்கள். இந்த அமளியில் நான் மாமியாரிடம், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"வெடியக்காலையிலயே ரத்தம் பட்டுது சிஸ்டர். எம்புள்ள ஒடனே சைக்கிள எடுத்துக்கினு இங்க வந்து கேட்டான். நீங்க ரெண்டு மணிக்குத்தான் வருவீங்கன்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரு. அதான் வூட்லயே படுக்க வெச்சிருந்து, சரியா இந்த நேரத்துக்கு இட்டுக்கினு வந்தோம்."

அவள் கணவன் காலையிலேயே எங்கள் வாசல்வரை வந்திருக்கிறான். உள்ளே டாக்டரம்மா இருந்தார். ஆபரேஷன் தியேட்டரும் இருந்தது. மேரி சிஸ்டர் எப்ப டூட்டி என்று கேட்டுவிட்டு அவன் திரும்பிப் போயிருக்கிறான். வாட்ச்மேன் எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. எல்லோரும்தான் கேட்கிறார்களே, இவனிடம் மட்டும் ஏன் விசாரிக்க வேண்டும்.

குழந்தையை எடுத்து டாக்டரம்மா என் கையில் கொடுத்தபோது லேசாகத் துடிப்பு இருந்தது. அழவில்லை. டாக்டரம்மாவால் திரும்பிப் பார்க்க முடியாது, தாய்க்கு ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததையெல்லாம் செய்தேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன், முதுகைத் தட்டினேன், பாதத்தைச் சுண்டினேன். மாதாவே மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆண் குழந்தை. நின்றுவிட்டது.

வசந்தா பிழைத்துக்கொண்டாள். வெளியே போய்ச் சொன்னது நான்தான். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"புள்ள போனது எங்க விதி. நீங்க இருந்ததாலதான் தாயாவது மிஞ்சினா. ஒங்க கைராசி சிஸ்டர் அது."

நான் என்ன சொல்வது? நீங்கள் எனக்காகக் காத்திருந்ததால்தான் குழந்தை போயிற்று என்றா? அழுதுகொண்டிருப்பவரிடம் அதைச் சொல்ல முடியுமா? வீட்டுக்குப் போகும் நாளில் அவித்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வார்டில் எல்லோரும் தின்றார்கள். என்னால் ஒன்றுகூடத் தொட முடியவில்லை. எனக்கு அவர்மேல் கோபம், வாட்ச்மேன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். ஆனால் நான் செய்த தப்பு என்ன என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

வசந்தா வீட்டுக்குப் போன அன்று சாயங்காலம் டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார். "விழுப்புரத்துக்கு என்னம்மா பதில் சொன்ன?"

"இன்னும் சொல்லல டாக்டர்."

"வர்றேன்னு சொல்லிடு."

அவ்வளவுதான் பேச்சு. துண்டில் கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வளர வேண்டும் என்று அனுப்பினாரா, இவள் இங்கே இருந்தால் இன்னும் எத்தனை பேர் வீட்டில் காத்துக் கிடப்பார்களோ என்று அனுப்பினாரா? பல வருஷம் இதை மண்டையில் போட்டு உருட்டினேன். கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

விழுப்புரத்துக்குப் போனேன். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயில். பேரணி, விக்கிரவாண்டி என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று போகும். முதல் நாள் அங்கே பொறுப்பாளராக இருந்த ரெஜினா சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலைமை நர்ஸ், கண்டிப்பானவர், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

"புதுசா? ட்ரே ரெடி பண்ணு."

அத்தனை வருஷம் பிரசவம் பார்த்தவளுக்கு ட்ரே வேலை. கத்தரிக்கோல், கிளிப், பஞ்சு என்று அடுக்கினேன். கோலியனூரிலிருந்து வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து, "ஏம்மா, நர்ஸம்மா எங்க?" என்று கேட்டார். நான் ஆயா என்று நினைத்துவிட்டார். அன்று ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நாளைக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு திரும்புவது?

பிறகு மெல்ல மெல்ல உள்ளே விட்டார்கள். திண்டிவனத்தில் வருஷத்துக்கு ஒன்று பார்க்கிற சிக்கலை அங்கே வாரா வாரம் பார்த்தேன். டூட்டி மாறும்போது போகிறவர்களும் வருகிறவர்களும் சேர்ந்து கட்டில் கட்டிலாக நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று சொல்ல வேண்டும். ரெஜினா சிஸ்டர் காதைக் கொடுத்துக்கொண்டே நிற்பார். ஒன்றை விட்டுவிட்டால் எல்லோர் முன்னாலும் மானம் போகும். ஆனால் யார் டூட்டியில் இருந்தாலும் கட்டிலில் இருப்பவளுக்கு ஒரே கவனிப்புத்தான் கிடைத்தது. என் கை, உன் கை என்று அங்கே ஒன்றும் இல்லை.

ஒரு நாள் மூச்சு விடாத குழந்தை ஒன்று என் கைக்கு வந்தது. பழக்கத்தில் காலைப் பிடித்துத் தூக்கப் போனேன். ரெஜினா சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"யாரு சொல்லிக் குடுத்தது இத? கீழ வை. துண்டால தொடச்சு விடு. தலைய நேரா வை."

துடைத்தேன். முகத்தில் சின்ன மாஸ்க்கை வைத்துப் பலூனை மெதுவாக அழுத்தச் சொன்னார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை முனகியது, பிறகு வீரிட்டது. எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வசந்தாவின் குழந்தைக்கும் துடிப்பு இருந்ததே. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால்? பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது. ஊரே கைராசி என்று கொண்டாடிய கையைத் திருத்தத் திண்டிவனத்தில் ஆளே இல்லாமல் போயிற்று, அது மட்டும் நிச்சயம்.

அப்படியானால் போனதுதான் சரி என்கிறீர்களா? எனக்கும் அப்படித் தோன்றும். அடுத்து இதையும் கேளுங்கள். சில வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னை வழிமறித்தாள். கேப்பை மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமலே பேசினாள்.

"நீங்க பாட்டுக்குப் பெரிய எடத்துக்குப் போயிட்டீங்க. எங்க அக்காவுக்கு இங்க பாக்க ஆளு இல்ல. விழுப்புரத்துக்குப் போங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. போற வழியிலேயே பொறந்து, புள்ள தங்கல. நீங்க இருந்திருந்தா இட்டுக்கினு போவச் சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என் டூட்டியாக இருந்திருந்தால் அங்கேயே பார்த்திருப்பேன். அதனால் நல்லது நடந்திருக்குமா, தெரியாது.  அவள் மூட்டையோடு பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டாள்.

திண்டிவனத்தில் நான் இருந்ததால் போனது ஒரு குழந்தை, விட்டுப் போனதால் போனது ஒரு குழந்தை என்று மனசு ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. விழுப்புரத்தில் நான் கற்றுக்கொண்டதால் எத்தனையோ குழந்தைகள் மூச்சு வந்து அழுதார்கள். அவர்களில் ஒருவருடைய தாய்க்குக்கூட என் பெயர் தெரியாது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, ஒரு குறையும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், கலைச்செல்வி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஜெனிபர், கலையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஜெனிக்குப் பொறந்ததும் வர்றேன்னு கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க. ஒண்ணாந்தேதி சேரணுமாம். இல்லன்னா வேற ஆள் போட்டுடுவாங்களாம். நாளைக்கு பதில் சொல்லணும்."

"போவாதீங்கக்கா. எனக்காக இருங்க" என்றாள் ஜெனிபர்.

கலை என்னைப் பார்த்தாள். இருந்துவிடு என்று நுனி நாக்குவரை வந்துவிட்டது. என் மகள், என் பேரக் குழந்தை. ஒரு மாதம்தானே, அடுத்த வருஷம் மறுபடி கூப்பிட மாட்டார்களா? அதற்குள் கலையே பேசினாள்.

"இங்கயும் உட மாட்டேங்கிறாங்கக்கா. எல்லாரும் போன் போட்டு, கலை சிஸ்டர் எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கினுதான் வர்றாங்க. முந்தாநாள் ஒருத்தி வலியோட வூட்லயே இருந்திருக்கா, நான் சாயங்காலம்தான் வருவேன்னு. நல்லவேள, ஒண்ணும் ஆவல."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. அந்தப் பெருமை எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். 

"வர்றேன்னு சொல்லிடு கலை" என்றேன்.

ஜெனிபர் கையை எடுத்துவிட்டாள். "அப்ப என்ன யாரும்மா பாப்பாங்க?"

"அன்னிக்கு யாரு டூட்டியோ அவங்க பாப்பாங்க. வலி வந்ததும் நேரா போயிடணும். யாரு இருக்காங்கன்னு கேக்கவே கூடாது."

அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கலை என் தோளைத் தொட்டுவிட்டுப் புறப்பட்டாள். எவ்வளவு தீர்மானமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தீர்மானம் சாயங்காலம்வரைதான் தாங்கியது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். கலை இடத்துக்கு யார் வருகிறார்கள், எந்த ஊர்ப் பெண், கை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.